பன்னிரண்டும் தப்பு

என் மகளுக்குக் கிண்டல் புரியாதாம். பள்ளிக்கூடத்திலிருந்து கடிதம் வந்தது. அதை எனக்குப் படித்துச் சொன்னவளே அவள்தான்.

நான் அப்போதுதான் வேலை முடிந்து வந்து, வீங்கிய காலை வாளித் தண்ணீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இந்த ஊர் பாஷையைத் தட்டுத் தடுமாறிப் பேசுவேன். படிக்கச் சொன்னால் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல்தான். மின்சாரக் கட்டணமானாலும் மருந்துச் சீட்டானாலும் எட்டு வயதுப் பெண்ணைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்வதுதான் எங்கள் வீட்டு வழக்கம். எதைச் சொன்னாலும் எதிர்வாதம் செய்வதால் அவளுக்கு வக்கீலம்மா என்று பெயர். வக்கீலம்மா உறையைப் பிரித்து, நின்றபடியே வாசித்து, வாசித்ததைத் தமிழில் சொன்னாள்.

"அம்மா, போன மாசம் ஒரு டெஸ்ட் வச்சாங்கல்ல? அதுல நான் ஃபெயிலாம். ஒருத்தர் ஒண்ணு சொல்லி வேற ஒண்ணு நினைச்சா எனக்குப் புரியாதாம். வீட்ல ரெண்டு பாஷை இருக்கறதால குழப்பமாம். அடுத்த திங்கக்கிழமைலேருந்து கடைசி ரூம் கிளாஸாம். ஒரு வருஷத்துக்கு."

"எந்தக் கடைசி ரூம்?"

"வராண்டா கோடில இருக்குமே. கதவுல மீன் படம் ஒட்டியிருக்குமே, அது."

எனக்குத் தெரியும் அந்த அறையை. அதற்குள் போன குழந்தைகள் அதே கதவு வழியாகத் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. எங்கள் மாடியில் இருக்கும் தையல்காரியின் மகனை ஒரு வருஷத்துக்கென்றுதான் அனுப்பினார்கள். இப்போது நாலாவது வருஷம். அவன் இன்னும் மணி அடித்தால் வரிசையில் நிற்பது எப்படி என்று கற்றுக்கொண்டிருக்கிறான்.

"இன்னும் என்ன போட்டிருக்கு?"

"இனிமே வீட்ல தமிழ் பேசக் கூடாதாம். வியாழக்கிழமை வந்து கையெழுத்துப் போடணுமாம்." கடிதத்தை மடித்து என் மடியில் வைத்துவிட்டு, "அவ்ளோதான்" என்றாள். முகத்தில் ஒன்றுமே இல்லை. தனக்குப் புரியாது என்பதைத் தானே படித்து, தானே புரிந்து, தானே தன் அம்மாவுக்கு எடுத்துச் சொல்கிறது ஒரு குழந்தை. இதற்கு ஒரு டெஸ்ட், அதற்கு ஒரு கடிதம், அதன் மேல் ஒரு முத்திரை வேறு.

கிண்டல் புரியாதாம்! எங்கள் வீட்டில் கிண்டல் இல்லாமல் பொழுதே விடியாது. காலையில் போர்வையை இழுத்து, "எழுந்திருங்க மகாராணி, தூக்கம் போதுமா, இன்னும் ரெண்டு தலகாணி கொண்டு வரட்டுமா?" என்பேன். "ரெண்டு எப்படிப் போதும்? நாலு கொண்டு வா" என்று போர்வைக்குள்ளிருந்து பதில் வரும். அவள் அப்பா ஆறு மணிக்கு வருகிறேன் என்று சொல்லி எட்டு மணிக்கு வந்தால், கதவைத் திறந்துவிட்டு, "என்னப்பா இவ்ளோ சீக்கிரம்? இன்னிக்கு லீவா?" என்று கேட்பாள். நான் ரொட்டியைக் கருக்கிய அன்று அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "கலர் நல்லா பிடிச்சிருக்கு" என்றாள். இந்த வாய்க்குப் புரியாது என்றால் உலகத்தில் வேறு எவருக்குப் புரியும்?

அவர் வந்ததும் கடிதத்தை மூஞ்சிக்கு நேரே நீட்டினேன். அவர் லிஃப்ட் மெக்கானிக். இருபது மாடிக்கு நடுவில் கயிறு மாட்டிக்கொண்டாலும் பதறாத மனிதர். அந்த நிதானத்தைக் கண்டாலே சில நாள் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எழுத்துக் கூட்டி மெதுவாகப் படித்தார். பிறகு மகளைக் கூப்பிட்டார்.

"டெஸ்ட்ல என்ன பண்ணச் சொன்னாங்க?"

"அட்டைல படம் காட்டுவாங்க. படத்துல இருக்கறவங்க ஒண்ணு சொல்லுவாங்க. கீழே ரெண்டு பதில் இருக்கும். ஒண்ணைத் தொடணும்."

"எத்தனை அட்டை?"

"பன்னிரண்டு."

அவர் கடிதத்தை மறுபடி பார்த்தார். "பன்னிரண்டும் தப்புன்னு போட்டிருக்கு" என்றார்.

"ஆமாங்க, ஊருக்கெல்லாம் கேட்கற மாதிரி இன்னொரு தடவை சொல்லுங்க" என்றேன்.

"அதில்ல. கண்ணை மூடிட்டு தொட்டாலே பாதி சரியா வரணும். லிஃப்ட் ரெண்டு மாடில தப்பா நின்னா அது ரிப்பேர். எல்லா மாடிலயும் ஒரே மாதிரி தப்பா நின்னா அது ரிப்பேர் இல்ல. யாரோ அப்படி செட் பண்ணி வச்சிருக்காங்க."

என் கோபத்துக்கு அது எண்ணெய் ஊற்றியது. யாரோ என்ன யாரோ? அந்தப் பள்ளிக்கூடம்தான். பெயரைப் பார்க்கும்போதே முடிவு பண்ணிவிட்டு அட்டையை நீட்டியிருப்பார்கள். வக்கீலம்மாவைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு கால் கட்டைவிரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். அவமானத்தில் நிற்கிறாள் என்று நினைத்து இன்னும் கொதித்தேன்.

இருந்தாலும் பயம் இருந்தது. பெற்ற வயிறு. ஒருவேளை அவர்கள் சொல்வது சரியாக இருந்துவிட்டால்? என் பேச்சே என் பிள்ளையைக் கெடுத்திருந்தால்? வியாழன் வரைக்கும் தமிழை நிறுத்திப் பார்ப்போம் என்று முடிவு செய்தேன். அந்த பாஷையில் எனக்குத் தெரிந்ததெல்லாம் அறிவிப்புப் பலகையில் எழுதியிருப்பது போன்ற பேச்சுதான். "காலணி. அங்கே வை. நன்றி." "சாப்பாடு தயார். கை கழுவு. நன்றி." வீடு ஆஸ்பத்திரி மாதிரி ஆகிவிட்டது. அவர் சாப்பிட்டு முடித்து, "நன்றாக இருந்தது" என்று அந்த பாஷையில் சொன்னார். கல்யாணமாகி பத்து வருஷத்தில் முதல் தடவை. எனக்கு அழுகை வந்தது.

இரண்டாம் நாள் சாயந்திரம் வக்கீலம்மா சமையலறைக்கு வந்து என் புடவை முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா, என் மேல கோபமா?"

"இல்லையே. ஏன்?"

"நீ என்னைத் திட்டவே மாட்டேங்கற."

சொல்லிவிட்டுத் திரும்பும்போது கை பட்டுப் பால் பாத்திரம் கவிழ்ந்தது. அடக்கி வைத்ததெல்லாம் உடைந்துகொண்டு வந்துவிட்டது. "ரொம்ப சந்தோஷம்டி தாயே! அந்த மூலை மட்டும் காயுது பாரு, அதையும் நனைச்சிட்டுப் போ!" என்று கத்தினேன். அவள் முகம் அப்படியே மலர்ந்தது. ஓடிப்போய்த் துணியை எடுத்து வந்து, சிரித்துக்கொண்டே துடைத்தாள். அதோடு அறிவிப்புப் பலகையை மூட்டை கட்டினேன்.

என் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும், சொன்னால்தான் என் கோபம் புரியும். பெரிய ஹோட்டல் ஒன்றின் அடித்தளத்தில் சலவைக்கூடம். ஒரு நாளைக்கு நானூறு படுக்கை விரிப்பு. இரண்டு பேர் இந்தப் பக்கம் நின்று ஈர விரிப்பின் முனைகளைப் பிடித்துச் சூடான ரோலருக்குள் விடுவோம். அந்தப் பக்கம் இரண்டு பேர் காய்ந்து வருவதை வாங்கி மடிப்பார்கள். போன வருஷம் அந்த ரோலர் விரிப்பின் ஓரத்தைக் கடிக்க ஆரம்பித்தது. மூன்று வாரம் வாய் ஓயாமல் சொன்னோம், எவனும் காது கொடுக்கவில்லை. ஒருநாள் மேற்பார்வையாளன் கையில் அட்டையோடு வந்து, "மெஷின் எப்படி இருக்கிறது?" என்று கேட்டான். எனக்கு வந்ததே ஆத்திரம். "ரொம்ப நல்ல மெஷின். இதே மாதிரி இன்னும் ரெண்டு வாங்குங்க" என்று அவன் பாஷையிலேயே சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு எழுதிக்கொண்டு போய்விட்டான்.

அடுத்த வாரம் ஒரே நாளில் அறுபது விரிப்பு கிழிந்தது. மேலிடத்திலிருந்து விசாரணை வந்தது. 'மெஷின் நன்றாக இயங்குவதாகப் பணியாளர் தெரிவித்தார்' என்று என் பெயரோடு எழுதி வைத்திருந்தான். எனக்கு எச்சரிக்கைக் கடிதம். அவன் புரியாமல் எழுதினானா, புரிந்தே எழுதினானா என்று இன்று வரைக்கும் தெரியாது. அந்தக் கடிதத்தையும் வக்கீலம்மாதான் படித்துச் சொன்னாள், அப்போது ஏழு வயது. அன்றைக்கு நான் ஆடிய ஆட்டம் கொஞ்சநஞ்சமில்லை. என்னென்ன கத்தினேன் என்று கேட்டால் எனக்கே ஞாபகம் இல்லை.

வியாழக்கிழமை அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போனோம். அவருக்கு விடுப்பு கிடைக்கவில்லை, நானும் மகளும்தான். சின்ன அறை. வட்ட மேஜை. மேஜை நடுவில் கண் துடைக்கக் காகிதம் வைத்த பெட்டி. அழுவதற்கு முன்கூட்டியே வசதி பண்ணி வைத்திருக்கிறார்கள், என்ன அக்கறை! எதிரே டெஸ்ட் வைத்த அம்மாள். மெல்லிய குரல், மெல்லிய சிரிப்பு, கழுத்தில் அடையாள அட்டை. பக்கத்தில் ஒரு தொலைபேசிப் பெட்டி. அதற்குள்ளிருந்து ஒரு ஆண் குரல் தமிழில் பேசியது.

"வணக்கம். நான் மொழிபெயர்ப்பாளர். இங்க பேசப்படற எல்லாத்தையும் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்ப்பேன். கூட்ட மாட்டேன், குறைக்க மாட்டேன், விளக்கம் சொல்ல மாட்டேன். அது எங்க விதி."

"நல்ல விதி" என்றேன். அதையும் மொழிபெயர்த்தார்.

மகளை வெளியே உட்கார வைக்கலாமே என்றாள் அந்த அம்மாள். "அவளைப் பத்தித்தானே பேசறோம்? அவ இருக்கட்டும்" என்றேன். வக்கீலம்மா ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து, கொடுத்த தாளில் வண்ணம் தீட்ட ஆரம்பித்தாள்.

அந்த அம்மாள் ஒரு அட்டையை எடுத்துக் காட்டினாள். ஒரு பையனின் அறை. துணி, புத்தகம், செருப்பு எல்லாம் தரையில் இறைந்து கிடக்கிறது. வாசலில் அம்மா கையில் பையோடு நிற்கிறாள். 'அடடா, உன் அறை எவ்வளவு சுத்தமாக இருக்கிறது!' என்கிறாள். அந்த அம்மா என்ன நினைக்கிறாள்? அறை சுத்தமாக இருக்கிறது என்று நினைக்கிறாளா, குப்பையாக இருக்கிறது என்று நினைக்கிறாளா? என் மகள் 'சுத்தமாக' என்பதைத் தொட்டிருக்கிறாள்.

"பன்னிரண்டும் இப்படியேதான்" என்றது பெட்டி.

"பன்னிரண்டும் ஒருத்தி தப்பாப் போடணும்னா பன்னிரண்டுக்கும் சரியான பதில் அவளுக்குத் தெரிஞ்சிருக்கணும்" என்றேன். "யாரோ சொல்லிக் குடுத்திருக்கீங்க, இல்ல மிரட்டியிருக்கீங்க. யாருன்னு சொல்லுங்க."

அந்த அம்மாள் முகம் மாறவே இல்லை. பெற்றோருக்கு வருத்தம் இருப்பது இயல்பு என்றாள். சின்னத் தலைக்குள் இரண்டு மொழி இடித்துக்கொள்கின்றன, ஒன்றை ஒரு வருஷம் வெளியே வைத்தால் இன்னொன்றுக்கு இடம் கிடைக்கும் என்றாள். என்னவோ அலமாரியில் துணி அடுக்குகிற மாதிரி சொன்னாள். என் பொறுமை அந்த இடத்தில் அறுந்தது.

"ஆஹா! என்ன அறிவு, என்ன அறிவு! இத்தனை நாள் எங்க இருந்தீங்க தாயே? என் பொண்ணை நான் எட்டு வருஷமா பார்க்கறேன், எனக்குத் தெரியல. நீங்க அரை மணி நேரத்துல கண்டுபிடிச்சிட்டீங்களே! ஒரு மாலை வாங்கிட்டு வராம வந்துட்டேன் பாருங்க!"

பெட்டி சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தது. அந்த அம்மாளின் முகம் மலர்ந்தது. கையை நெஞ்சில் வைத்து என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். தாளில் ஏதோ எழுதினாள். படிவத்தை என் பக்கம் திருப்பி, பேனாவை எடுத்து என் கைக்கு அருகில் வைத்தாள்.

"தாய் மகிழ்ச்சியோட ஏத்துக்கிட்டாங்கன்னு குறிச்சிருக்கேன், ரொம்ப நன்றின்னு சொல்றாங்க" என்றது பெட்டி.

எனக்கு ரோலர் ஞாபகம் வந்தது. அதே தலையாட்டல், அதே எழுத்து. எந்த வார்த்தையை எடுத்து எறிவது என்று தெரியவில்லை.

அப்போது ஓரத்து நாற்காலியிலிருந்து வக்கீலம்மா அந்த பாஷையில் மளமளவென்று ஏதோ சொன்னாள். அந்த அம்மாளின் பேனா நின்றது. விதிப்படி, பெட்டி அதை எனக்குத் தமிழில் சொன்னது.

"குழந்தை சொல்லுது. 'நீங்க எழுதினது தப்பு. அம்மா நன்றி சொல்லல. அம்மா ரொம்பக் கோபமா இருக்காங்க. உங்களுக்கு ஒண்ணுமே தெரியலன்னு சொல்றாங்க. ஆனா அம்மாவுக்குப் பயமும் இருக்கு, அதனாலதான் இவ்ளோ சத்தம். அந்தப் பேனாவை எடுத்துடுங்க.'"

பெட்டி தொண்டையைச் செருமியது. "விதிப்படி நான் சொல்லக் கூடாது" என்று இரண்டு பாஷையிலும் சொன்னது. "ஆனா அந்தப் பொண்ணு சொன்னதுதான் சரி."

அந்த அம்மாள் பேனாவை எடுத்துக்கொண்டாள். குனிந்து என் மகளைப் பார்த்தாள். "உனக்கு எப்படித் தெரியும்?"

"அம்மா கிண்டல் பண்ணா குரல் பெரிசாகும். 'தாயே'ன்னு கூப்பிடுவாங்க. எங்க டீச்சர் கிண்டல் பண்ணா குரல் சின்னதாகும், வாய் சிரிக்கும், கண்ணு மட்டும் சிரிக்காது. நேத்து நான் லேட்டா போனப்போ 'வந்ததுக்கு ரொம்ப நன்றி'ன்னு சொன்னாங்க. அது நன்றி இல்ல." பெட்டி ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல நான் வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன். இரண்டு பாஷையிலும் எங்கள் எல்லோரையும் அளந்து வைத்திருக்கிறது இந்த வாண்டு.

"அப்படியென்றால் அட்டையில் ஏன் அப்படித் தொட்டாய்?"

வக்கீலம்மா என்னைப் பார்த்தாள்.

"சொல்லுடி" என்றேன். "யார் சொல்லிக் குடுத்தது? பயப்படாம சொல்லு. இன்னிக்கு ஒரு கை பார்த்துடறேன்."

"நீதாம்மா."

"நானா?"

"மெஷின் லெட்டர் வந்த அன்னிக்கு. கதவைச் சாத்திட்டு சொன்னியே. 'வாசலுக்கு இந்தப் பக்கம்தான் கிண்டல். அந்தப் பக்கம் போனா சொன்னது சொன்னபடிதான். யார் என்ன சொன்னாலும் அப்படியே எடுத்துக்கோ, வேற அர்த்தம் தெரிஞ்சாலும் தெரியாத மாதிரி இரு. இல்லன்னா வேலை போயிடும், ஸ்கூல் போயிடும்'னு. என் கையில அடிச்சு சத்தியம் வாங்கினியே." வண்ணப் பென்சிலைக் கீழே வைத்தாள். "நான் மறக்கல. பன்னிரண்டுலயும் மறக்கல."

யாரோ செட் பண்ணி வைத்திருக்கிறார்கள் என்று அன்றைக்கே சொன்னார் இவள் அப்பா. அந்த யாரோ நான்தான். ஒரு வாரமாக ஊரையே எரித்த கோபம் ஒரு சுற்றுச் சுற்றி வந்து என் மேலேயே உட்கார்ந்தது. பாவி, நான் ஒருநாள் கத்திவிட்டு மறந்துபோனதை இந்தப் பிள்ளை ஒரு வருஷமாகப் பள்ளிக்கூடம் முழுக்கச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறது. நான் எழுந்துபோய் அவளுடைய நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"சத்தியம் வாபஸ்டி கண்ணு" என்றேன். "அம்மா சொன்னது தப்பு. தெரிஞ்சதைத் தெரிஞ்ச மாதிரி சொல்லு."

அந்த அம்மாள் சத்தமில்லாமல் அதே அட்டையை எடுத்து அவள் முன்னால் வைத்தாள். இறைந்து கிடக்கும் துணி, வாசலில் அம்மா. கீழே இருந்த இரண்டு பதில்களையும் கையால் மறைத்துக்கொண்டாள். "இந்த அம்மா என்ன நினைக்கிறாள்?"

வக்கீலம்மா படத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு அந்த பாஷையில் சொன்னாள். பெட்டி மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக எனக்குச் சொன்னது.

"'அறை குப்பையா இருக்குன்னு சொல்றாங்க. ஆனா கோபம் அந்தப் பையன் மேல இல்ல. கையில பை இருக்கு, இப்பத்தான் வேலையிலேருந்து வந்திருக்காங்க. அங்க யாரோ இவங்களைத் திட்டியிருக்காங்க. அங்க திருப்பிப் பேச முடியல. அதனாலதான் வீட்டுக்கு வந்து பேசறாங்க.'"

அந்த அம்மாள் எழுதவில்லை. காகிதப் பெட்டியை என் பக்கம் தள்ளினாள். நான் அதைத் திருப்பித் தள்ளினேன். அவள் படிவத்தை எடுத்துக் குறுக்கே ஒரு கோடு போட்டாள். இந்த டெஸ்ட் செல்லாது, குழந்தை அவள் வகுப்பிலேயே இருக்கலாம் என்றாள்.

"வாயால சொன்னாப் போதாது" என்றேன். "எழுதித் தரணும். என் பொண்ணுக்குப் புரியும்னு எழுதணும். தமிழ் பேசினது தப்பில்லன்னும் எழுதணும். அப்புறம் அவகிட்ட மன்னிப்புக் கேட்கணும். அவ ஒரு வாரமா அந்த லெட்டரை மனசுல வச்சிட்டு ஸ்கூலுக்கு வந்திருக்கா." பிறகு பெட்டியைப் பார்த்தேன். "அண்ணே, இதை மட்டும் சொல்லுக்குச் சொல் அப்படியே சொல்லுங்க."

அவர் அப்படியே சொன்னார். வக்கீலம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டு கேட்டாள். திருத்துவதற்கு அவளுக்கு ஒன்றும் இருக்கவில்லை.